ஐப்பசி கடைசியா, 46ஆம் வாரமா?

ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் நான் பல வருஷம் வேலை பார்த்தேன். வெளிநாட்டு ஆர்டர்களைப் பின்தொடர்ந்து, சொன்ன நாளில் சரக்கு போகிறதா என்று பார்ப்பது என் வேலை. மேஜைக்கு எதிர்ச் சுவரில் இரண்டு காலண்டர்கள் தொங்கும். ஒன்று, மளிகைக் கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்த தினசரி காலண்டர். தேதி, கிழமை, தமிழ் மாதம், நல்ல நேரம், ராகு காலம், சூலம் என்று எல்லாம் ஒரு சின்னத் தாளில் இருக்கும். இன்னொன்று எங்களிடம் ஷூ வாங்கும் ஜெர்மன் பையர் அனுப்பியது. வருஷம் முழுக்க ஒரே தாளில். ஒவ்வொரு வாரத்துக்கும் ஓர் எண். ஜனவரி 4ஆம் தேதி எந்த வாரத்தில் வருகிறதோ அது முதல் வாரம். அங்கிருந்து எண்ணிக்கொண்டே போக வேண்டும்.

ஜெர்மன்காரர்கள் வியாபாரத்தில் இந்த வார எண்ணிலேயே பேசுவார்கள். "சரக்கு 46ஆம் வாரம் கப்பல் ஏற வேண்டும்" என்று ஒரு வரி மெயில் வரும். அதை எடுத்துக்கொண்டு தையல் பிரிவுக்குப் போனால், சூப்பர்வைசர் அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கேட்பார்: "அது ஐப்பசி கடைசியா சார், கார்த்திகை முதலா?"

ஆரம்பத்தில் இதைக் கேட்டு எனக்கு எரிச்சல் வரும். தெளிவாக ஓர் எண் கொடுத்திருக்கும்போது எதற்கு மாதம் கேட்கிறார் என்று நினைப்பேன். பிறகுதான் புரிந்தது. ஐப்பசி என்றால் அடைமழை. சின்னத் தோல் ஷாப்புகளில் கட்டிப் போட்ட தோல் சீக்கிரம் காயாது. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் மறுநாளே திரும்பிவிட மாட்டார்கள். தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறினால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்கள் ஷிஃப்டுக்கு வர முடியாது. "ஐப்பசி கடைசி" என்ற இரண்டு சொல்லுக்குள் இத்தனையும் இருந்தது. 46 என்ற எண்ணுக்குள் இது எதுவும் இல்லை.

முன்கூட்டியே திட்டமிட்டு வாழும் சமூகங்கள் உண்டு, வருவது வரட்டும் என்று அன்றன்றைக்கு வாழும் சமூகங்கள் உண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஜப்பான் ஒரு பக்கம்; நாம், அரபு நாடுகள், லத்தீன் அமெரிக்கா இன்னொரு பக்கம். இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க எங்கள் பழைய வட ஆர்க்காடு மாவட்டம் நல்ல இடம் என்பது என் எண்ணம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்காகப் பிரிந்து கிடக்கும் இந்த நிலத்தில் இரண்டு காலண்டரும் ஒரே சுவரில்தான் தொங்குகின்றன.

முதலில் ஆராய்ச்சியாளர்கள் சொன்னதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் இரண்டு வகைக் கால உணர்வைப் பிரித்துக் காட்டினார். ஒரு நேரத்தில் ஒரு வேலை, அதற்கொரு நேரம், அந்த நேரம் முடிந்தால் அடுத்தது என்று போவது ஒன்று. ஒரே நேரத்தில் பல வேலை, பல ஆட்கள், யார் எதிரில் நிற்கிறார்களோ அவர்களுக்கு முதலிடம் என்று போவது மற்றொன்று. ராபர்ட் லெவின் என்ற உளவியலாளர் 31 நாடுகளில் மக்கள் நடக்கிற வேகம், தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் வாங்க ஆகிற நேரம், பொதுக் கடிகாரங்கள் எவ்வளவு சரியாக ஓடுகின்றன என்ற மூன்றையும் அளந்து 1999இல் முடிவை வெளியிட்டார். சுவிட்சர்லாந்து முதலில் வந்தது, மெக்சிகோ கடைசியில். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

கெர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளரின் அளவுகோலைத்தான் மேனேஜ்மென்ட் வகுப்புகளில் அதிகம் காட்டுகிறார்கள். நிச்சயமில்லாத நிலையை ஒரு சமூகம் எவ்வளவு தவிர்க்கப் பார்க்கிறது என்பதற்கு அவர் மதிப்பெண் போட்டார். ஜப்பானுக்கு 92, ஜெர்மனிக்கு 65, இந்தியாவுக்கு 40. எதிர்பார்த்த மாதிரியே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அதே பட்டியலில் சிங்கப்பூருக்கு வெறும் 8. குப்பைத்தொட்டி எங்கே வைப்பது என்பதுவரை திட்டம் போட்டுக் கட்டிய ஊர் அது. நிச்சயமின்மையைப் பார்த்து மனசு பதறுவது ஒன்று, திட்டமிடுவது வேறொன்று என்று அந்த ஒரு எண்ணே காட்டிவிடுகிறது. ஒரு தேசத்துக்கு ஒரே குணம் என்று எழுதி ஒட்டுவதை நான் நம்பாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, நம் பேச்சுக்கு வருவோம். மொழியில்தான் இந்த விஷயம் பச்சையாகத் தெரிகிறது.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை, "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்கிறோம். போனில் கூப்பிட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், இன்னும் சட்டை மாட்டாத ஆளும் "வந்துனே கீறேன்" என்பான். வெளியூர்க்காரர்களுக்கு இது பொய். எங்களுக்கு, உன் வேலைதான் இப்போது முதல் வேலை என்று தைரியம் சொல்வது. மணி என்ன, எந்த இடம் என்ற தகவலை அந்த வாக்கியத்தில் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இன்னொன்றை நான் வேலையில்தான் கற்றுக்கொண்டேன். தமிழில் "முடிவது" வேறு, "முடிப்பது" வேறு. "எப்ப முடியும்ணே?" என்று கேட்டால் "முடிஞ்சிடும் சார்" என்று பதில் வரும். அதில் முடிக்கிற ஆளே இல்லை. மழை நிற்கிற மாதிரி, காய் பழுக்கிற மாதிரி, வேலை தானே முடிந்துவிடும். "ஆயிடும்" என்பதும் அப்படித்தான். "முடிச்சிடறேன்" என்று சொன்னால்தான் ஓர் ஆள் தன்னைக் கட்டிக்கொள்கிறார். முதல் வருஷம் இந்த வித்தியாசம் காதில் விழாமல், "முடிஞ்சிடும்" என்ற சொல்லை நம்பி நான் பையருக்குத் தேதி எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு விமானத்தில் சரக்கு அனுப்பும் செலவுக்கு முதலாளி முன் நின்றிருக்கிறேன். எதிர்காலத்தை அவர்கள் பொருட்படுத்தவில்லை என்று அப்போது நினைத்தேன். தங்கள் கையில் இல்லாத விஷயத்துக்குத் தாங்கள் வாக்குக் கொடுக்க மறுத்தார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

எங்களுக்குத் தோல் கொடுத்த வாணியம்பாடி பாய் "இன்ஷா அல்லாஹ்" என்று சேர்க்காமல் எந்தத் தேதியும் சொல்ல மாட்டார். நாளைக்கு இதைச் செய்வேன் என்று சொல்லும்போது இறைவன் நாடினால் என்று சேர்த்துச் சொல்லுங்கள் என்பது குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ வீடுகளில் "கர்த்தருக்குச் சித்தமானால்" என்பார்கள். அதுவும் யாக்கோபு நிருபத்தில் இருந்து வருவது. என் அம்மா "கடவுள் புண்ணியத்துல" என்பார். இதைத் தட்டிக்கழிக்கும் பேச்சு என்று எடுத்துக்கொள்ளும் வெளிநாட்டுக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த பாய் எனக்குத் தெரிந்து மற்ற எல்லோரையும்விட நாணயமாகத் தேதி காப்பாற்றியவர்.

மொழியை வைத்து ஒரு பெரிய வாதமே கிளம்பியது. 2013இல் கீத் சென் என்ற பொருளாதார ஆய்வாளர், எதிர்காலத்தை இலக்கணத்தில் தனியாகப் பிரித்துச் சொல்லும் மொழிக்காரர்கள் குறைவாகச் சேமிக்கிறார்கள் என்றார். எதிர்காலம் அவர்களுக்குத் தூரமாகத் தெரிகிறதாம். ஜெர்மனில் "நாளைக்கு மழை பெய்கிறது" என்று நிகழ்காலத்திலேயே சொல்லலாம் என்பது அவருடைய உதாரணங்களில் ஒன்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2015இல் அவரும் சேர்ந்து செய்த மறு ஆய்வில், ஒன்றுக்கொன்று உறவான மொழிகள் என்பதைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு வலுவிழந்துவிட்டது. நாமும் "நாளைக்கு ஊருக்குப் போறேன்" என்று நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம்! இலக்கணத்தை வைத்து ஒரு ஜனத்தின் சேமிப்பை எடைபோட முடியாது என்பதற்கு எங்கள் வீட்டு பீரோவே சாட்சி.

அந்த பீரோவில் ஒரு மொய் நோட்டு இருக்கிறது. என் அக்கா கல்யாணத்தில் எழுதியது. நீளமான கணக்கு நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, ஓரங்களில் மஞ்சள். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக ஒரே கையெழுத்து. 51, 101, 201, இடையில் "எவர்சில்வர் குடம்", "குத்துவிளக்கு". எந்தக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் அம்மா முதலில் அந்த நோட்டைத்தான் எடுப்பார். "அவங்க நமக்கு இன்னா செஞ்சாங்க பாரு" என்று விரலால் வரிவரியாகத் தேடுவார். அவர்கள் 201 எழுதியிருந்தால் நாம் அதற்கு மேல் எழுத வேண்டும். பல வருஷத்துக்கு முன் கொடுத்த பணம் இப்படி ஒவ்வொரு வீட்டிலும் காத்துக்கொண்டு இருக்கிறது. நம் வீட்டு விசேஷம் வரும்போது திரும்பி வரும். இது முன்கூட்டித் திட்டமிடுவது இல்லை என்றால் வேறு எது? என்ன, அதில் தேதி மட்டும் கிடையாது. எப்போது திரும்பி வரும் என்று யாரும் எழுதுவதில்லை. வரும் என்பது மட்டும் தெரியும்.

பெண் பிறந்ததும் பொட்டுப் பொட்டாக நகை சேர்ப்பதும், நகைச்சீட்டு, ஏலச்சீட்டு, இப்போது தபால் ஆபீஸ் செல்வமகள் திட்டம் என்று கட்டுவதும் இதே கணக்குதான். ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியில் கிடையாது. மிச்ச மாதங்களில் நல்ல முகூர்த்தத்துக்கு மண்டபம் வேண்டுமானால் பல மாதம் முன்னாலேயே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் என்ன செய்வோம் என்று கேட்டால் "பாக்கலாம்" என்கிற அதே குடும்பம், பத்து வயசுப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கிப் பரணில் வைத்திருக்கும்.

என் பாட்டி ஊர் போளூர்ப் பக்கம். மானாவாரி நிலம், மல்லாட்டைதான் பயிர், அதாவது வேர்க்கடலை. விதைக்கு வைத்த மல்லாட்டையை முன்னதாகவே உடைத்து வைக்க மாட்டார்கள். ஓடு நீக்கிவிட்டால் பருப்பு முளைப்புத் திறனைச் சீக்கிரம் இழந்துவிடும். அதனால் காயாகவே மூட்டையில் இருக்கும். ஏர் பூட்டத் தயாராக இருக்கும், எரு கொட்டி வைத்திருப்பார்கள், விதைக்கிற ஆட்களுக்கு வாயால் சொல்லி வைத்திருப்பார்கள். ஆனி கடைசியிலோ ஆடியிலோ ஒரு ராத்திரி நல்ல மழை இறங்கும். அப்போதுதான் மூட்டை அவிழும். திண்ணையில் லாந்தர் வெளிச்சத்தில் பாட்டி, அத்தைகள், பக்கத்து வீட்டுப் பெண்கள், நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து உடைப்போம். கட்டைவிரல் நுனி புண்ணாகிவிடும். பொக்கும் சொத்தையும் ஒரு பக்கம், விதைப்பருப்பு முறத்தில் ஒரு பக்கம். விடிவதற்குள் ஒரு காணிக்கான விதை தயார். ஈரம் காய்வதற்குள் நிலத்தில் விழுந்துவிடும்.

யாராவது வெளியூர்க்காரர் அன்று பார்த்திருந்தால், கடைசி நிமிஷத்தில் அடித்துப் பிடித்து வேலை செய்கிறார்கள் என்றுதான் எழுதியிருப்பார். அந்தக் கடைசி நிமிஷத்துக்காக எத்தனை மாதம் தயாராக இருந்தார்கள் என்பது அவர் கண்ணில் பட்டிருக்காது. தேதி குறித்துத் திட்டமிடுவது ஒன்று, எப்போது வந்தாலும் தயாராக இருப்பது இன்னொன்று. மழை தேதி சொல்லாது என்பதால் பாட்டி தேதி வைக்கவில்லை. நான் சொல்ல வந்தது முக்கியமாக இதுதான்: எதை நம்பி வாழ்கிறோமோ அது சொன்ன சொல் காப்பாற்றுமானால் மனிதர்கள் தேதி வைக்கிறார்கள், காப்பாற்றாது என்றால் தயாராக இருக்கப் பழகிக்கொள்கிறார்கள்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். சாமி 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாற்றில் தண்ணீர் மட்டும் தன் இஷ்டத்துக்குத்தான் வருகிறது. பல வருஷம் வெறும் மணல். ஆற்றில் கிரிக்கெட் விளையாடி வளர்ந்த தலைமுறைகள் இருக்கின்றன. பிறகு திடீரென்று 2021 நவம்பர் மாதிரி இரு கரையும் தொட்டு ஓடும். 1903 நவம்பரில் மேலே ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியில் பல உயிர்களைக் கொண்டுபோனது.

ஆனால் இயற்கை நிச்சயமில்லை என்றால் மக்கள் திட்டமே போட மாட்டார்கள் என்று நான் சொன்னால் அது தவறு. நெதர்லாந்தில் 1953இல் கடல் உள்ளே புகுந்து 1,836 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள் செலவழித்து அவர்கள் கட்டிய அணை வரிசை உலகப் புகழ் பெற்றது. நம் பாலாற்றுப் படுகையைப் பாருங்கள். காவேரிப்பாக்கம் ஏரி மாதிரிப் பெரிய ஏரிகளில் தொடங்கி, ஒன்று நிரம்பி வழிந்தால் அடுத்தது நிரம்பும்படி சங்கிலியாகக் கோத்த ஏரிகள். மழை எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் பிடித்து வைக்கப் பாத்திரம் தயாராக இருக்க வேண்டும். 10ஆம் நூற்றாண்டுப் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரியைக் கவனிக்கவே ஒரு வாரியம் இருந்தது, அதற்கு ஒரு வருஷப் பதவிக்காலம் என்று எழுதியிருக்கிறது. தூர்வாருகிற அமைப்பு கலைந்து, மதகுகள் தூர்ந்து, வரத்துக் கால்வாய்களில் வீடு வந்தது எல்லாம் பின்னால் நடந்தது. திட்டமிடுகிற குணம் இங்கே எப்போதும் இருந்ததில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

கடிகாரம் இங்கே வந்தது ரயிலோடு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்தில் கிளம்பி வந்து நின்றது எங்கள் வாலாஜா ரோட்டில்தான். அதுவரை ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிஷம். ஒற்றை நிமிஷம் தவறினால் விட்டுவிட்டுப் போய்விடுகிற ஒரு பொருளை இந்த ஊர் முதன்முதலில் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். முகூர்த்தமும் தவறினால் போய்விடும்தான், ஆனால் அதற்கு அடுத்த முகூர்த்தம் பார்க்க வாத்தியார் இருந்தார்.

இனி, கொஞ்சம் கனமான விஷயம். ஏழைகள் நாளையைப் பற்றி யோசிப்பதில்லை, அதனால்தான் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று படித்தவர்கள் வீட்டு வரவேற்பறைகளில் பேசக் கேட்டிருக்கிறேன். இதற்குப் பதில் சொன்ன ஓர் ஆய்வு எங்கள் மண்ணிலேயே நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் சாவ் ஆகிய நான்கு பேர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். கரும்புக்காரருக்கு வருஷத்தில் ஒரு முறைதான் பெரிய பணம் வருகிறது. எப்போது வெட்டுவது என்பதையும் ஆலைதான் முடிவு செய்கிறது. பக்கத்துப் பக்கத்து நிலத்துக்கே வெவ்வேறு மாதம் வெட்டு உத்தரவு வரும். ஆய்வாளர்கள் ஒரே விவசாயியை வெட்டுக்கு முன் ஒரு முறை, வெட்டிப் பணம் வந்த பின் ஒரு முறை சோதித்தார்கள். வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்னால் அது 4 சதவீதம். புதிர்களும் கவனச் சோதனைகளும் கொடுத்தபோது, வெட்டுக்கு முன் செய்ததைவிடப் பின்னால் அதே ஆட்கள் தெளிவாக மேலாகச் செய்தார்கள்.

ஆளும் அதே ஆள், ஊரும் அதே ஊர், சாமியும் அதே சாமி. கையில் பணம் இல்லாத மாதங்களில் மூளையின் ஒரு பகுதியை அடகுச்சீட்டும் வட்டியும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நாளைக்கு என்ன செய்வது என்று யோசிக்க மிச்சம் இருப்பது குறைவு. கலாச்சாரம் என்று நாம் பெயர் வைக்கிற பலவற்றில் பாதி, வெட்டு உத்தரவு வருவதற்கு முன்னான நிலைதான்.

குழந்தைகளை வைத்துச் செய்த சோதனைகளும் இதே பக்கம்தான் கை காட்டுகின்றன. ஒரு மிட்டாயைத் தட்டில் வைத்து, நான் வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிற அந்தப் பிரபலமான சோதனை. காத்திருக்கும் குழந்தை பிற்காலத்தில் முன்னேறும் என்று ரொம்ப காலம் சொன்னார்கள். 2013இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளை வைத்து ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். முதலில் பாதிப் பேரிடம் நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். மீதிப் பேரிடம் சொன்னபடியே கொண்டுவந்தார்கள். பிறகு மிட்டாய். ஏமாந்த குழந்தைகள் சராசரியாக 3 நிமிஷம் காத்திருந்தன, ஏமாறாதவை 12 நிமிஷம். 2018இல் வந்த இன்னோர் ஆய்வில் கேமரூன் நாட்டின் என்சோ இன விவசாயக் குடும்பக் குழந்தைகளில் பத்துக்கு ஏழு பேர் கடைசிவரை காத்திருந்தார்கள். ஜெர்மன் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. காலண்டர் தேசத்துக் குழந்தையைவிட, காலண்டர் இல்லாத வீட்டுக் குழந்தை பொறுமையாக இருந்தது.

ஏமாந்த குழந்தையின் கதை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தெருவில் ஒருவர் தீபாவளிச் சீட்டு நடத்தினார். மாதம் ஒரு தொகை, வருஷக் கடைசியில் மளிகை, பட்டாசு, ஒரு கிராம் தங்கம். அம்மா பதினோரு மாதம் தவறாமல் கட்டினார். அட்டையில் பதினோரு கையெழுத்து இருந்தது. பன்னிரண்டாம் மாதம் அந்த வீட்டில் பூட்டுதான் இருந்தது. பீடி சுற்றிக் கட்டிய பெண்கள் அந்த வாசலில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். அதற்கு அடுத்த வருஷம் தெருவில் யாரும் எந்தச் சீட்டும் போடவில்லை. கையில் இருந்ததை அன்றன்றைக்குச் செலவு செய்தார்கள், பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தார்கள். அந்த வருஷம் மட்டும் வந்து பார்த்த ஒருவர் எங்களை நாளையை நினைக்காத ஜனம் என்று எழுதிக்கொண்டு போயிருக்கலாம்.

ஜெர்மன்காரர்களும் இதற்கு விலக்கு இல்லை. அவர்களுடைய நீண்டதூர ரயில்களில் 2024இல் 62.5 சதவீதம்தான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆறு நிமிஷத்துக்குள் தாமதம் என்றால் அதையும் நேரம் என்றுதான் அங்கே கணக்கு. எங்கள் பையர் ஒருமுறை சொன்னார், முக்கியமான கூட்டம் என்றால் இப்போதெல்லாம் ஒரு ரயில் முன்னதாகவே ஏறிவிடுகிறேன் என்று. தேதி வைத்த மனிதர் தயாராக இருக்கத் தொடங்கிவிட்டார்.

தயாராக இருக்கும் வாழ்க்கையைப் புகழ்ந்துகொண்டே போனால் ஒன்றை மறைத்தது மாதிரி ஆகிவிடும். அந்தத் தயாரை யார் சுமக்கிறார்கள்? எங்கள் வீட்டுக்கு யாரும் சொல்லிவிட்டு வந்ததே இல்லை. மதியம் ஒன்றரை மணிக்கு செருப்புச் சத்தம் கேட்கும். சின்னத் தாத்தா, கூட இரண்டு பேர். "வாங்க வாங்க, சாப்பிட்டுட்டுதான் போகணும்." அதைச் சொல்வதற்காக அம்மா தினமும் ஒரு பிடி அரிசி கூடப் போட்டார். ரசத்துக்குப் புளி எப்போதும் ஊறிக்கொண்டே இருக்கும். யாரும் வராத நாளில் மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் அம்மாதான் சாப்பிட்டார். வீட்டைப் பூட்டிவிட்டுப் பகலில் எங்கும் போனதில்லை, யாராவது வந்துவிடுவார்கள் என்று. அப்பாவின் திடீர் சந்தோஷம் எல்லாம் அம்மாவின் முன்னேற்பாட்டின் மேல்தான் நின்றது. இப்போது அக்கா பிள்ளைகள் பெங்களூரில் இருந்து "சாட்டர்டே வீட்ல இருக்கீங்களா பாட்டி?" என்று போன் பண்ணிவிட்டு வருகிறார்கள். என்ன இது, சொந்த வீட்டுக்கு வரக் கேட்டுக்கொண்டு என்று அப்பா முகம் சுளிக்கிறார். அம்மா வெள்ளிக்கிழமை நிம்மதியாகக் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார்.

தேதி வைப்பது, தயாராக இருப்பது இரண்டும் ஒரே ஆளிடம் கலந்து இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் காட்பாடி ஜங்ஷனுக்குப் போக வேண்டும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. அது மாறாது. வெளியூரில் இருக்கிற குடியாத்தத்துக்காரர்கள் அதற்குள் வீடு வந்து சேர வேண்டும். ரயில் முன்பதிவு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகிவிட்டது. அதனால் இப்போது பங்குனி பிறந்ததும் பிறக்காததுமாகக் காலை எட்டு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அம்மன் தேதி சொன்னாள், ரயில்வே நாள் கணக்குச் சொன்னது, எங்கள் ஆட்கள் நிமிஷ சுத்தமாக இருக்கிறார்கள்.

அதே பிளாட்பாரத்தில் வங்காளத்தில் இருந்தும் ஜார்க்கண்டில் இருந்தும் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிற குடும்பங்கள் இறங்குகின்றன. வரும் டிக்கெட் எப்போதோ எடுத்தது. பழைய ரிப்போர்ட்டுகள் ஒரு ஃபைலில் வரிசையாக, அரிசி, சின்ன ஸ்டவ், குக்கர் எல்லாம் மூட்டையில். எதையும் மறந்திருக்க மாட்டார்கள். திரும்பும் டிக்கெட் மட்டும் இருக்காது. பயாப்சி என்ன சொல்லும், எத்தனை நாள் என்று அவர்களுக்கு யார் சொல்ல முடியும்? ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கும் லாட்ஜ்களில் அறை வாடகை நாள் கணக்கில்தான். அந்த மனிதர்களைப் பார்த்து, முன்யோசனை இல்லாதவர்கள் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

சூப்பர்வைசர் அண்ணனிடம் "எப்ப முடியும்" என்று கேட்பதை மூன்றாவது வருஷம் விட்டுவிட்டேன். அதற்குப் பதில், "எதுக்காக நிக்குதுண்ணே?" என்று கேட்க ஆரம்பித்தேன். முதல் முறை கேட்டபோது அவர் மெஷினை அணைத்துவிட்டுப் பக்கத்து ஸ்டூலைக் காட்டினார். லைனிங் தோல் 400 அடி இன்னும் வரவில்லை, பாய் செவ்வாய்க்கிழமை என்கிறார், ஆனால் வானம் இருட்டிக்கொண்டு இருக்கிறது. புதன்கிழமை கரண்ட் கட் என்று சொல்லியிருக்கிறார்கள், ஜெனரேட்டரில் பாதி மெஷின்தான் ஓடும். கை சுத்தமான இரண்டு டெய்லர்கள் தீபாவளிக்குப் போனவர்கள், திங்கட்கிழமை வந்துவிடுவார்கள், அதில் ஒருத்திக்குக் குழந்தைக்குக் காய்ச்சல். இவ்வளவும் அவர் தலைக்குள் வரிசையாக இருந்தது. யாரும் கேட்டதில்லை. நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். லைனிங்குக்கு ராணிப்பேட்டையில் இன்னோர் இடத்தில் சொல்லி வைத்தோம், புதன்கிழமை ஷிஃப்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். கடைசியில் அவர் சுவரில் இருந்த தினசரி காலண்டரைப் பார்த்தார். ராகு காலத்தைப் பார்த்தாரோ என்னவோ, விரல்விட்டு எண்ணினார்.

"வியாழக்கிழமை சாயங்காலம் பெட்டி கட்டி முடிச்சிடறேன், எழுதிக்கோங்க சார்" என்றார்.

நான் மேலே போய், 46ஆம் வாரம் வியாழன் என்று பையருக்கு மெயில் போட்டேன்.